பேரு இல்லாத ஆளு

சன்னல் பக்கம் நீங்களே இருங்கம்மா. எனக்கு இந்தக் கால நீட்டிக்க இடம் கெடச்சாப் போதும். கோயில்பட்டிக்கா? நானும் அங்கனதான். கோர்ட்டுக்குப் போறேன். பயந்துராதீங்க, நான் ஒண்ணும் தப்புப் பண்ணிட்டுப் போகல. சாட்சி சொல்லப் போறேன்.

நீங்க கட்டியிருக்கது பாலி காட்டன். சுங்குடின்னு சொல்லித் தலையில கட்டியிருப்பான். கோவிச்சுக்காதீங்க, எனக்குப் பாத்தாலே தெரிஞ்சுரும். திருநெல்வேலியில ஒரு பெரிய ஜவுளிக்கடை, அதுல சேலை செக்சனுக்கு நான்தான் சூப்பர்வைசர். பேரு செல்லக்கனி. கனியக்கான்னா கடையில தெரியாத ஆளு கெடையாது. பிள்ளைகள்லாம் என்னக் கண்டா பயப்படும். பயம்னா கெட்ட பயம் இல்ல, மரியாத.

சந்தனமாரின்னு ஒருத்தி. அவளாலதான் எனக்கு இந்த வயசுல கோர்ட்டுப் படியேற வேண்டியதாப் போச்சு. அவளுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன், நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க வெளியாளு, நியாயமாச் சொல்லுவீங்க.

கடையில வேல பாக்கவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சுல்லா. எங்க முதலாளி உடனே செஞ்சாவ. சட்டத்த மீறுத ஆளு இல்ல அவிய. சிவப்புக் கலர்ல ஸ்டூல், கவுண்டருக்கு ஒண்ணு. பிள்ளைகள அதுல உக்கார வச்சு போட்டோ எடுத்து, பேப்பர்லகூட வந்துச்சு. ஓரத்துல நான் நிக்கேன். போட்டோக்காரன் போன பிறகு முதலாளி என்னத் தனியாக் கூப்பிட்டாவ. கனி, ஸ்டூல் அங்கனயே இருக்கட்டும், ஆனா உக்காருத பழக்கம் வந்துரக்கூடாது, படியேறி வாரவங்க கண்ணுல உக்காந்திருக்க பிள்ள பட்டா யாவாரம் படுத்துரும்னாவ. என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்னு ஒரு வார்த்த சொல்லல. என் பொறுப்புல விட்டுட்டாவ. அந்த நம்பிக்கைய நாம காப்பாத்தணுமா இல்லையா?

நான் யாரையும் திட்டல. கை நீட்டல. வேற கடையில உக்காந்த பிள்ளைய முட்டி போட வச்சிருக்கானுவ, அதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஒரே ஒரு ஏற்பாடுதான் செஞ்சேன். பிள்ளைகள் எல்லாம் கடை ஹாஸ்டல்லதான் தங்குறது. செவ்வாக்கிழம சாயங்காலம் மட்டும் வெளிய விடுவோம். செக்சன்ல ஒருத்தி உக்காந்தாலும் அந்த வாரம் யாருக்கும் வெளிய கெடையாதுன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். பிறகு நான் எதுக்குக் காவல் நிக்கணும்? ஒருத்தி ஸ்டூல் பக்கம் திரும்புனாலே பக்கத்துல நிக்கவ இடுப்புல ஒரு இடி இடிப்பா. நான் அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டு இருப்பேன். அந்த ஸ்டூல் மேல மடிச்ச சேலைய அடுக்கி வைக்க ஆரம்பிச்சுட்டாளுக. அதுவும் நல்லதாப் போச்சு.

நானும் நின்னவதானம்மா. எனக்கு நெற மாசம், தீபாவளி நேரம், லீவு கேக்க முடியுமா? ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து உக்காந்திருக்காங்க, நான் நின்னுக்கிட்டே முகூர்த்தச் சேல விரிச்சுப் போடுதேன். பனிக்குடம் உடஞ்சிட்டு. அவங்க பாக்கதுக்குள்ள ஒரு பழைய துணிய காலுக்கடியில தள்ளி மறச்சுக்கிட்டு, பில்லப் போட்டு, பையக் குடுத்து, சிரிச்சு அனுப்பிட்டுத்தான் ஆட்டோ ஏறுனேன். பிள்ள தங்கல. ஆனா அந்தப் பார்ட்டி இன்னைக்கு வரைக்கும் கனியைக் கூப்பிடுங்கன்னு கேட்டுத்தான் சேல எடுப்பாங்க. வேலன்னா அதும்மா. இப்ப உள்ளதுகளுக்கு எங்க புரியுது.

சந்தனமாரி கயத்தாறு பக்கம். அவ அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல. அம்மா இல்ல. ப்ளஸ் டூ முடிச்சுட்டு வந்தா. யாவாரத்துல கெட்டிக்காரி, அதச் சொல்லணும். சும்மா பாக்க வந்தோம்னு வாரவங்களையும் வெறுங்கையோட விடமாட்டா. நான்தான் அவள காட்டன்லருந்து பட்டுக்கு மாத்துனேன். அந்த நன்றி இருந்திருக்கணும்.

ஒரு மத்தியானம், ஆளே இல்லாத நேரம், பாக்கேன், ஸ்டூல்ல இருந்த சேலைய எடுத்து ராக்குல வச்சுட்டு உக்காந்திருக்கா. ஒளிஞ்சும் உக்காரல, சாஞ்சும் உக்காரல. பஸ்ஸுக்குக் காத்திருக்கவ மாதிரி நிமுந்து உக்காந்திருக்கா. நான் கிட்டப் போயி, நல்லபடியாத்தான் கேட்டேன்.

"கால் வலிக்குதாட்டி?"

வலிக்குன்னு சொல்லியிருந்தா, போயி மூஞ்சியக் கழுவிட்டு வான்னு அனுப்பியிருப்பேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல.

"இல்லக்கா. வலிக்கல" ங்கா.

"பின்ன எதுக்கு உக்காந்த?"

"ஆளு இல்ல. ஸ்டூல் இருக்கு. உக்காந்தேன்."

அந்தப் பேச்சப் பாத்தீங்களா? நோவுன்னு சொன்னா இரக்கப்படலாம். தூரம்னு சொன்னா பொம்பளைக்குப் பொம்பள புரிஞ்சுக்கிடலாம். இது என்ன பதிலு? எனக்கு உடம்பே எரிஞ்சிட்டு. ஆனா வாயத் தெறக்கல. அந்தச் செவ்வாக்கிழமைய ரத்து பண்ணேன்.

அதுல ஜெனிட்டான்னு ஒரு பிள்ள. அவ அம்மா செவ்வாக்கிழம தோறும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மகளப் பாத்து, ஒரு வாய் ஊட்டிவிட்டுட்டுப் போவா. அந்த வாரம் வந்து, இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, சோத்துப் பொட்டலத்தோட திரும்பிப் போயிட்டா. ஜெனிட்டாவுக்கு ஆத்திரம் வருமா வராதா? சந்தனமாரி பாயில தண்ணியக் கொட்டியிருக்கா. சாப்பாட்டுல உப்ப அள்ளிப் போட்டிருக்கா. செருப்பு வாரைப் பிளேடால அறுத்துப் போட்டிருக்கா. ஒருத்தியும் அவகூடப் பேசல. வார்டன் வந்து எங்கிட்டச் சொன்னா. பிள்ளைகளுக்குள்ள உள்ளது, பெரியவங்க தலையிடக்கூடாதுன்னுட்டேன்.

மறுநாள் வெறுங்காலோட வந்து வேலைக்கு நின்னா சந்தனமாரி. மத்தியானம் ஆளு கொறஞ்சதும் உக்காந்தா. அதுக்கடுத்த நாளும். அழுதா விட்டுருக்கலாம். அழல. ஜெனிட்டாவப் பாத்து, ஒங்க அம்மாவத் திருப்பி அனுப்புனது நான் இல்லட்டின்னு மட்டும் ஒரு நாள் சொல்லியிருக்கா. மெதுவாத்தான் சொல்லியிருக்கா, ஆனா கவுண்டர்ல இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கு.

பிறகு ஒரு நா நான் கீழ போயிட்டு மாடிக்கு ஏறி வாரேன், சந்தனமாரி ஒரு ஸ்டூல்ல, ஜெனிட்டா ஒரு ஸ்டூல்ல. ரெண்டு பேரும் பேசிக்கிடல. சும்மா உக்காந்திருக்காளுக. மத்தவளுக நின்னுக்கிட்டே என்னப் பாக்காளுக. எந்திரிங்கட்டின்னு நான் சொல்லணும்லா, சொல்ல வரல. அப்பதான் எனக்குப் புரிஞ்சது, இது செவ்வாக்கிழமையில அடங்காதுன்னு. ஆடித் தள்ளுபடி வேற வருது.

அவ அப்பாவுக்கு ஒரு போன் போட்டேன். கோவத்துல போடல. நல்லா யோசிச்சுத்தான் போட்டேன். ஸ்டூல்ல உக்காந்தான்னு சொன்னா எந்த அப்பனும் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போக மாட்டான்லா.

"அண்ணே, பிள்ளைய வந்து கூட்டிட்டுப் போயிருங்க. கூட வேல பாக்க ஒருத்தனோட பழக்கம். வெளிய தெரியதுக்குள்ள ஒரு எடத்துல குடுத்துருங்க"ன்னேன்.

பிறகு, "யாரும்மா அவன்?"னாரு.

"பேரெல்லாம் எதுக்குண்ணே. பொம்பளப்பிள்ள விசயம்."

அப்படி ஒருத்தன் இருந்தானான்னு கேக்கீங்களா? இல்லம்மா. அவ எவனையும் ஏறிட்டுப் பாத்தவ இல்ல. ஆனா இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் வருவான்லா. சொன்ன பேச்சு கேக்காத பிள்ள எங்க போயி முடியும்? அத நான் கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

மறுநா கடை தெறந்ததும் வந்துட்டாரு. பாவம் மனுசன், சட்டப் பித்தான்கூட மாத்திப் போட்டிருந்தாரு. வந்த வேகத்துல கஸ்டமர் முன்னால வச்சே முடியப் பிடிச்சு இழுத்தாரு. அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. இழுபட்டுக்கிட்டே எங்கிட்ட வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, நீங்களாவது அப்பாகிட்டச் சொல்லுங்கக்கா. உங்களுக்கு என்னத் தெரியும்லா"ங்கா. போன் போட்டது நான்தான்னு அவளுக்குத் தெரியாதுல்லா. நான் அவ தலையத் தடவி, அழாமப் போயிட்டு வாட்டி, எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொன்னேன். என் கண்ணுலயும் தண்ணி வந்துட்டு. பழகுன பிள்ளைல்லா.

அன்னையோட சரி. செக்சன்ல ஒருத்தியும் உக்காரல. முதலாளி ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும், கனி, நீ எப்படித்தான் சமாளிக்கியோன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாவ. எப்படின்னு அவிய கேக்கல. நானும் சொல்லல.

கல்யாணத்தச் சட்டுபுட்டுன்னு முடிச்சுட்டாங்க. இந்தக் கோயில்பட்டியிலதான் குடுத்தது. மாப்பிள்ள பேரு செந்தூர்பாண்டி, லோடு ஆட்டோ ஓட்டுதாரு. பாக்கதுக்கு நல்லாத்தான் இருந்தாரு. நான் போயிருந்தேன்மா, கல்யாணத்துக்கு. கடையிலருந்து பட்டுச்சேல குடுத்துவிட்டாவ, நானே பாத்து எடுத்தேன், மாம்பழக் கலர், அரக்கு பார்டர். மேடையில குடுத்தப்ப அவ வாங்கிக்கிட்டா, நிமுந்து பாக்கல. வெக்கம்னு நெனச்சேன். கூட்டத்துல அவ அப்பா, கனியம்மாதான் என் மானத்தக் காப்பாத்துனாங்கன்னு யாருகிட்டயோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்குத்தான் கூச்சமாப் போச்சு.

அதோட முடிஞ்சிருக்க வேண்டியது. அவ அப்பாவுக்குக் குடிச்சா வாய் நிக்காது போல. எங்கயோ உக்காந்து, எம்மவள இப்படி ஒரு இக்கட்டுலருந்து இழுத்துட்டு வந்தேன்னு ஒளறியிருக்காரு. அது மருமகன் காதுக்குப் போயிட்டு. ஒரு நா கடை நேரத்துல எனக்குப் போன் வருது.

"அக்கா, நான் சந்தனமாரி வீட்டுக்காரன். அவளுக்குக் கடையில ஒருத்தன்கூடப் பழக்கம் இருந்துச்சாமே. நெசமா?"

நான் என்னம்மா சொல்ல முடியும்? இல்லன்னு சொன்னா அவ அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு வரும். பிறகு என் பேச்சுக்கு என்ன மரியாத? நான் பதமாத்தான் சொன்னேன். "தம்பி, அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலயே முடிஞ்சுபோன கத. இப்ப எதுக்குக் கெளறுதீங்க? நல்லா வச்சுப் பொழைங்க"ன்னேன். சமாதானமாத்தான சொல்லியிருக்கேன்? அவரும் சரிக்கான்னு வச்சுட்டாரு. ஒரு குடும்பத்த ஒண்ணு சேத்து வச்ச திருப்தி எனக்கு.

யாருன்னு சொல்லு, யாருன்னு சொல்லுன்னு கேட்டே அந்தப் புருசன் அவள அடிச்சிருக்கான். தெனமும் அதே கேள்வி. சோறு வைக்கும்போது யாரு. வெளக்கமாறு எடுக்கும்போது யாரு. அவ என்ன சொல்லுவா, ஒருத்தன் இருந்தாத்தான சொல்லுவா. யாரும் இல்ல, யாரும் இல்லன்னே சொல்லியிருக்கா. அதக் கேக்கக் கேக்க அவனுக்கு வெறி ஏறியிருக்கு. எடது பக்கமாவே அறஞ்சு அறஞ்சு ஒரு காது சுத்தமாப் போயிட்டு. ரத்தம் வந்தும் ஆசுபத்திரிக்கு விடல. எனக்கு என்ன தோணுதுன்னா, கோட்டிக் கிறுக்கியா அவ? ஏதாவது ஒரு பேரச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? அடியாவது நின்னிருக்கும். அங்கயும் வீம்பு.

ஒரு நா அவன் ஆட்டோவ எடுத்துட்டுப் போனதும் கட்டுன சேலையோட பஸ் ஏறியிருக்கா. அப்பா வீட்டுக்குப் போகல. நேரா ஜெனிட்டாகிட்ட வந்திருக்கா. பாயில தண்ணி ஊத்துனவகிட்ட. அவ வேற வழியில்லாம இவளக் கொண்டுபோயி ஒரு பெண்கள் சங்கத்துல சேத்துட்டா. அவங்க கேஸ் போட்டுட்டாங்க, புருசன் மேல. கடை மேலயும் லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க, உக்காந்ததுக்காகப் பேரக் கெடுத்து வெரட்டுனாங்கன்னு. பாருங்க, பெத்த அப்பன் வந்து கூட்டிட்டுப் போனான், நாங்க வெரட்டுனோமாம்.

போன மாசம் சங்கத்து வக்கீலம்மாவும் சந்தனமாரியும் என் வீட்டுக்கே வந்துட்டாங்க. வந்தவங்கள வாங்கன்னுதான் சொன்னேன், கலர் சோடா வாங்கிக் குடுத்தேன். வக்கீலம்மா தன்மையாத்தான் பேசுனாங்க. உங்க மேல கேஸ் போட வரல, நடந்ததை நடந்தபடி சொன்னாப் போதும், இந்தப் பிள்ள மேல உள்ள பழி போயிரும்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னுட்டேன்.

சந்தனமாரி நான் பேசும்போது வலது காத எம்பக்கமாத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருந்தா. மெலிஞ்சு, கழுத்தெலும்பு தெரியுது. கலரக் குடிக்கல. எந்திரிக்கும்போது கேட்டா.

"அக்கா, அந்த ஆளு பேரு என்னக்கா?"

"எந்த ஆளு?"

"நீங்க அப்பாகிட்டச் சொன்ன ஆளு. ஆறு மாசமா அந்தப் பேரக் கேட்டுத்தான் அடி வாங்குனேன். உங்களுக்குத்தான தெரியும். சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

சத்தம் போடல. வைய்யல. சேல வெல கேக்க மாதிரி கேக்கா. இது பெரியவங்கள மதிக்கிற பேச்சா? வீடு தேடி வந்து இப்படிக் கேக்கலாமா? போங்கட்டி வெளியன்னு கதவச் சாத்திட்டேன். அன்னைக்குப் பூரா சோறு எறங்கல எனக்கு. அந்தக் கொடுமைய யாரு கேக்கது?

அதான் இப்ப புருசன் பக்கத்துச் சாட்சியா போறேன். முதலாளி சொல்லிட்டாவ. பழக்கம் இருந்தது உண்மைன்னு கோர்ட்டுல வந்துட்டா கடை பேரு தப்பிச்சுரும், கனி, நீதான் பாத்துக்கிடணும்னாவ. இந்தச் சேலகூட கடையில குடுத்ததுதான், கோர்ட்டுக்குப் போகையில எடுப்பா இருக்கட்டும்னு. நல்லாருக்கா? பார்டர் கொஞ்சம் அகலமோன்னு எனக்கு ஒரு இது.

ஒண்ணே ஒண்ணுதாம்மா ஒதைக்குது. அந்தப் பக்கத்து வக்கீலம்மா கண்டிப்பா பேரு கேப்பாங்களாம். எங்க வக்கீல் சொல்லிட்டாரு, ஒரு பேர யோசிச்சு வச்சுக்கோங்க, தடுமாறக் கூடாதுன்னு. நானும் நம்ம கடையில உள்ள ஒவ்வொருத்தனா நெனச்சுப் பாத்தேன். பில் போடுதவன், பேக்கிங்ல நிக்கவன், குடோன்ல உள்ளவன். எல்லாரும் குடும்பஸ்தன். ஒரு ஆம்பள பேரச் சும்மா கெடுக்கது பாவம்லா? அவன் பொண்டாட்டி பிள்ள என்ன ஆகும்? அந்த மட்டுக்கு எனக்கு மனசாட்சி இருக்கும்மா.

யாருக்கும் பாதகம் இல்லாத பேரா ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். உங்களுக்குத் தோணுதா? உங்க பக்கத்துல வைக்கிற பேரா, இங்கன அதிகம் இல்லாத பேரா. சும்மா ஒரு பேருதான். ஏம்மா, பேச மாட்டேங்கீங்க? உங்க வீட்டுல உள்ளவங்க பேரச் சொல்ல வேண்டாம். பொதுவா ஒண்ணு.

சரி விடுங்க. அலுப்பா இருக்கும் உங்களுக்கு.

கோர்ட்டு ஸ்டாப் வந்துட்டு. சாட்சிக் கூண்டுக்குள்ள ஏறி நிக்கணுமாமே, எவ்வளவு நேரம் நிக்க விடுவாங்கன்னு தெரியல. அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கால் மரத்துப்போச்சு.

அங்க பாருங்க, கோர்ட்டு வாசல்ல. அந்த ஒல்லியா நிக்கவதான் சந்தனமாரி. அவ பையப் பிடிச்சுக்கிட்டு எடது பக்கமா, கேக்காத காதுப் பக்கமா ஒட்டி நிக்கவ ஜெனிட்டா. பக்கத்துல யாரு, பட்டு செக்சன் பிள்ளைல்லா? அவளுக்குப் பின்னால காட்டன் பிள்ளைகளும் வந்திருக்காளுக. அடேயப்பா, மாடி பூரா இங்கதான் நிக்கு. வக்கீலம்மா ஒவ்வொருத்திகிட்டயா என்னமோ கேட்டுக்கிட்டு வாராங்க.

அப்ப கடையில இன்னைக்கு யாரு நிக்கது?

நான்தான அவளுக சூப்பர்வைசர். ஒருத்திகூட எங்கிட்ட லீவு கேக்கலியேம்மா.